அத்தானின் படகும் ஆறுநாள் விரதமும்

அந்தக் காட்சி இப்போதும் கண்ணில் நிற்கிறது. இரண்டு மூன்று வருடங்களுக்கு முந்திய ஒரு ஐப்பசி. மேப்பிள் இலைகள் தெரு வாய்க்காலை அடைத்துக்கொண்டு அழுகிக் கிடந்த சனிக்கிழமைக் காலை. கனடாவில், அஜின்கோர்ட்டில் என் அக்கா வீட்டு டிரைவ்வேயில் வெள்ளைப் படகு ஒன்று சக்கரம் வைத்த ரெயிலரில் ஏறி நிற்கிறது. அதன் அடியில், ஈரத் தரையில் மல்லாந்து கிடப்பவன் நான். பக்கத்தில் மடக்குக் கதிரை போட்டு, பட்டு வேட்டிக்கு மேல் தடித்த குளிர் ஜாக்கெட், நெற்றி நிறையத் திருநீறு, மடியில் கம்பளி என்று வீற்றிருப்பவர் லோகன் அத்தான். அக்காவின் கணவர், படகின் சொந்தக்காரர்.

“தம்பி, மெதுவாக் கழட்டு. அது சீவன் உள்ள சாமான்.”

“அந்த டோர்ச்சை ஒருக்காப் பிடியுங்கோவன் அத்தான்.”

“நான் விரதமெல்லே.”

கந்தசஷ்டி விரதத்துக்கும் டோர்ச் பிடிப்பதற்கும் என்ன பகை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அத்தானுக்கு வருடத்தில் மற்ற நாட்களில் கடவுளோடு பெரிய கொடுக்கல் வாங்கல் கிடையாது. ஐப்பசியில் அந்த ஆறு நாளும் மட்டும் மனிதர் உருகிவிடுவார். அதே ஆறு நாளில்தான் இலை வாருவது, கூரைப் பீலி துப்பரவாக்குவது, படகைக் குளிர்காலத்துக்கு மூடுவது எல்லாம் வந்து சேரும். எல்லாம் முருகன் செயல் என்பார்.

போன கிழமை நான் எழுதிய கல்யாண வீடியோக் கதையை வாசித்துவிட்டு அத்தான் போன் எடுத்து, “எல்லாரையும் பற்றி எழுதுறாய், என்னைப் பற்றி ஒண்டும் இல்லையே?” என்று குறைப்பட்டார். அவர் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். பிறகு என்னோடு கோபிக்கக்கூடாது.

ஹொபி

எங்கள் குடும்பத்தில் அதற்கு முன் யாரும் படகு வைத்திருந்ததில்லை. வைத்திருந்தவர்களை மதித்ததும் இல்லை. ஊரில் வள்ளம் வைத்துத் தொழில் செய்தவர்கள் மீன் கொண்டுவந்தால் எங்கள் வீட்டுக் கேற்றடியில் நிற்கவைத்து வாங்கி அனுப்புவார்கள். அவர்கள் வீட்டில் எங்கள் ஆட்கள் பச்சைத்தண்ணீர் குடிக்கமாட்டார்கள். அந்தப் பெருமையைப் பத்திரமாகச் சூட்கேசில் வைத்துக்கொண்டு விமானம் ஏறி வந்த அதே ஆட்கள், இங்கே ஏரியில் ஒரு படகின் மூக்கில் நின்று கையை விரித்துப் படம் எடுத்துப் போட்டால் பெரிய இடம் ஆகிவிடுகிறார்கள்.

இதை ஒருமுறை அத்தானிடம் கேட்டே விட்டேன்.

“அது தொழில், இது ஹொபி,” என்றார். அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்ததில் அவருக்கு மிகுந்த திருப்தி.

அத்தான் வீட்டுக்கடன் எடுத்துக்கொடுக்கும் தரகர். யூனியன்வில்லில் பெரிய வீடு வாங்க அவரிடம் கடனுக்கு வந்த ஒருவரிடம் படகு இருந்தது. அதில் ஒருநாள் ஏறிப் போய்விட்டு வந்த அத்தானுக்கு மூன்று மாதம் நித்திரை இல்லை. கடைசியில் பழைய படகு ஒன்றை வாங்கினார். அக்காவிடம் கேட்கவில்லை. கேட்காததற்குப் பிராயச்சித்தமாகப் பின்பக்கத்தில் தங்க எழுத்தில் ‘குயின் ரஞ்சி’ என்று எழுதுவித்தார். ரஞ்சி என்பது என் அக்கா.

முதன்முதல் ஏரியில் இறக்கிய அன்று ரெயிலர் சக்கரங்களுக்குக் கீழே எலுமிச்சம்பழம், எங்கள் பேச்சில் தேசிக்காய், வைத்து நசுக்கினோம். படகுத்துறைப் பொறுப்பாளர், ஒரு வெள்ளைக்காரர், யாரோ ஷொப்பிங் பையைத் தவறவிட்டுவிட்டார்கள் என்று நினைத்து ஓடிவந்து மிச்சத் தேசிக்காய்களைப் பொறுக்கித் தந்தார். அத்தான் அவருக்கு நன்றி சொல்லி, தந்ததையும் சக்கரத்துக்குக் கீழே வைத்தார்.

ஒரு கோடையில் அந்தப் படகு தண்ணீரைக் கண்ட நாட்கள் மிகக் குறைவு. கண்ட நாட்களிலும் ஆட்டிறைச்சிக் கறிச் சட்டி முன்னால், பாட்டுப்பெட்டி பின்னால், நடுவில் அளவுக்கு மேல் ஆட்கள் என்று அது தவண்டுதான் போகும். அக்கா ஒருநாளும் ஏறியதில்லை. முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் அவளுக்குச் சனி ஞாயிறும் வேலை. தன் பெயர் எழுதிய படகு ஏரியில் என்ன செய்கிறது என்பதை எல்லாரையும் போல அவளும் போனில்தான் பார்த்தாள்.

வயிற்றில் தங்கும் தண்ணீர்

குளிர்காலத்துக்குப் படகை மூடுவது சும்மா போர்வை போர்த்துகிற வேலை இல்லை. இந்த வகைப் படகின் இயந்திரம் ஏரித் தண்ணீரையே உறிஞ்சித் தன்னைக் குளிர்த்திக்கொள்ளும். அந்தத் தண்ணீர் கொஞ்சம் வயிற்றுக்குள் தங்கிவிட்டால், உறையும்போது விரிந்து இரும்பையே பிளந்துவிடும். ஆகவே முதலில் அதை முழுக்க வடிக்கவேண்டும். பிறகு, உறையாத ஒரு ரோஸ் நிறத் திரவத்தை இயந்திரத்துக்குக் குடிக்கக் கொடுத்து, அது மறுபக்கத்தால் ரோஸாகவே வெளியே வரும்வரை ஓடவிடவேண்டும். எண்ணெய் மாற்றவேண்டும். பற்றரியைக் கழற்றி நிலவறைக்குக் கொண்டுபோகவேண்டும். எலி வராமல் மூலை மூலையாகப் பூச்சி உருண்டை போடவேண்டும். அதற்குப் பிறகுதான் தறப்பாள்.

இவ்வளவையும் இணையத்தில் வீடியோ பார்த்துப் படித்தவன் நான். அத்தான் பார்த்தது படகு வாங்குவது பற்றிய வீடியோக்களை மட்டும்தான்.

விவரம் தெரிந்தவர்கள் மூடிய படகைக் கொண்டுபோய் நகருக்கு வெளியே ஏதாவது பண்ணைக் கொட்டகையில் வாடகை கொடுத்து விட்டுவிடுவார்கள். அத்தானுக்கு அது சரிவராது. கொட்டகைக்குள் போனால் யாருக்குத் தெரியும்? எங்கள் ஆட்கள் வந்து போகும் தெரு. கார்த்திகை முதல் சித்திரை வரை படகு அங்கே நிற்பதுதான் அதன் உண்மையான பயன். ஏரியில் அதைப் பார்த்தவர்களை விட டிரைவ்வேயில் பார்த்தவர்கள்தான் அதிகம்.

அதுவும் சும்மா நின்றால் போதாது. முதல் வருடம் நீலத் தறப்பாளால் நான் முழுக்க மூடிக் கயிறு கட்டிவிட்டு நிமிர்ந்தால், அத்தான் கத்தரிக்கோலோடு வருகிறார். பின்பக்கம் போய், ‘குயின் ரஞ்சி’ தெரிகிற அளவுக்கு ஒரு ஜன்னல் வெட்டினார்.

“பேர் மறைஞ்சால் அது ஆற்றையோ படகெண்டெல்லே நினைப்பினம்,” என்றார்.

அந்த ஜன்னலால் குளிர்காலம் முழுக்கப் பனி உள்ளே போய், வசந்தத்தில் திறந்தபோது ஆசனப் பஞ்சுகளில் எல்லாம் பூஞ்சணம். தறப்பாள் தரமில்லை என்று கடைக்காரனோடு சண்டைக்குப் போனார்.

இடியப்ப உரல்

இனிச் சிரிக்க முடியாத பகுதி.

அக்கா வீட்டுக் கராஜுக்குள் கார் விட முடியாது. அரிசி மூட்டைகளும், இரண்டாவது ஃப்ரீசரும், மகளின் கல்யாணத்துக்குச் செய்வித்த மணவறைத் தூண்களும் அங்கே குடியிருக்கின்றன. டிரைவ்வேயில் இரண்டு வாகனத்துக்கு இடம். ஒன்றில் அத்தானின் பெரிய வாகனம். வாடிக்கையாளரைப் பார்க்கப் போகிறவர் பனியைத் தட்டிக்கொண்டு நிற்க முடியாதாம். மற்றதில் குயின் ரஞ்சி. பெயருக்குச் சொந்தக்காரியின் சின்னக் கார், மூலை திரும்பிப் பக்கத்துத் தெருவில்.

விடியப்புறம் வேலைக்குப் போகிறவள். முந்திய குளிர்காலத்தில் ஒருநாள் மழை பெய்து, பெய்த மழை அப்படியே உறைந்து தெரு கண்ணாடியாகிவிட்டது. காருக்கு நடந்துபோன அக்கா மூலையில் விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்தது. தகடு வைத்துத் தைத்தார்கள். எழும்ப முடியாமல் அவள் அந்தக் குளிரில் கிடந்தபோது, பாண் வாங்கப் போன ஒரு சீனக் கிழவர்தான் தூக்கி இருத்தினார்.

எனக்கு அந்தக் கோபம் இன்றும் ஆறவில்லை. விழுந்ததற்காக மட்டுமல்ல, அதற்குப் பிறகு நடந்த விசாரிப்புகளுக்காகவும். வந்த உறவுக்காரர் எல்லாரும், “ஐயோ, இனி ரஞ்சியின்ரை இடியப்பம் இல்லையோ?” என்றார்கள். அக்கா பிழிகிற இடியப்பம் எங்கள் சுற்றத்தில் பிரசித்தம். உரல் பிழிய இனி அந்தக் கையில் வலு வராது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். ஒரு மனுசியின் கை போனதற்கு ஊர் முழுக்கக் காலைச்சாப்பாட்டுக்குத் துக்கம் கொண்டாடியது.

அத்தான் எல்லாருக்கும் ஒரே விளக்கம்தான் சொன்னார்: “ஐஸ் சறுக்கிப்போட்டுது.” கேட்டவர்கள் கனடாவைத் திட்டிவிட்டுத் தேத்தண்ணீர் குடித்துப் போனார்கள். கார் ஏன் அங்கே நின்றது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்காதவரைக்கும் அவரும் சொல்லவில்லை.

அந்தப் புரட்டாதியில், நான் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அக்கா சட்டியைக் கழுவியபடியே சொன்னாள்:

“இஞ்சருங்கோ, இந்த முறை போட் இஞ்சை வரக்கூடாது. எனக்கு வீட்டு வாசல்லை கார் விடவேணும். இன்னொருக்கா விழ என்னாலை ஏலாது.”

“பாப்பம், பாப்பம்,” என்றார் அத்தான்.

எங்கள் வீடுகளில் ‘பாப்பம்’ என்றால் பார்க்கமாட்டோம் என்று அர்த்தம். அக்காவுக்கு அது முப்பது வருடமாகத் தெரியும்.

பாலும் பழமும்

படகு வந்தது. அத்தானின் நண்பர் செல்வம் அண்ணை, கோயில் திருவிழா வேலைகளுக்கு முன்னால் நிற்பவர், தன் பிக்கப்பில் இழுத்துவந்து விட்டார். விரதம் தொடங்கிய அன்றுதான். அக்கா வேலையால் வந்து டிரைவ்வே வாசலில் காரை நிறுத்தி, கண்ணாடிக்குப் பின்னால் சும்மா இருந்து பார்த்தாள். பிறகு பின்னுக்கு எடுத்து மூலை திரும்பிப் போய்விட்டு, கையை ஜாக்கெட்டோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, அடி மேல் அடி வைத்து நடந்து வந்தாள். நான் படகுக்குக் கீழே இருந்து பார்த்தது அவளுடைய சப்பாத்துகளைத்தான்.

நான் பெரிய சண்டையை எதிர்பார்த்தேன். அவள் அத்தானுக்குப் பால் காய்ச்சப் போய்விட்டாள்.

அத்தானின் விரதத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். பாலும் பழமும் மட்டும் என்பார். பால் என்றால் பேரீச்சம்பழமும் முந்திரிகையும் போட்டு அடித்த பால். பழம் என்றால் ஒரு தட்டு மாம்பழம், ஒரு தட்டு அன்னாசி, ஒரு தட்டு திராட்சை. இவற்றை வெட்டுவது அக்கா, இடது கையால். ஆறு நாள் முடிய அவர் எடை கூடித்தான் வெளியே வருவார். எனக்கு விரதம் இல்லாவிட்டாலும் விரதப் படகில் கைவைப்பதால் மச்சமாமிசம் சாப்பிடக்கூடாது என்று உத்தரவு. நான் மத்தியானத்தில் ஆணி வாங்கப் போகிறேன் என்று சொல்லி, கடைத்தெருவுக்குப் போய் மட்டன் ரோல்ஸ் சாப்பிட்டுவிட்டு வாயைக் கொப்பளித்துக்கொண்டு வருவேன். ஆணி ஒன்றும் தேவைப்படாத வேலை அது. அவர் கேட்கவேயில்லை.

மிசிசாகாவில் எனக்கு வேலை. அங்கிருந்து பின்னேரம் நெடுஞ்சாலையில் ஊர்ந்து ஊர்ந்து வந்து, வெளிச்சம் இருக்கிற கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாகச் செய்தேன். ஐந்தாம் நாள் ரோஸ் தண்ணீர் மறுபக்கத்தால் ஒழுங்காக வந்தது. பற்றரி கழற்றியாயிற்று. அடுத்த நாள் எனக்கு லீவு, தறப்பாள் மட்டும் பாக்கி. அன்று அக்கா வெளியே வந்து படகைச் சுற்றிப் பார்த்தாள்.

“தண்ணியெல்லாம் எடுத்தாச்சோ?”

“ஓம் அக்கா.”

“இனி எங்கை நிண்டாலும் இதுக்கு ஒண்டும் ஆகாதோ?”

“ஆகாது. மூடிவிட்டாச் சரி.”

“நல்லா மூடு,” என்றாள். “ஜன்னல் ஒண்டும் வெட்ட விடாதை.”

இவ்வளவு நடந்தும் படகின் மேல் அக்கறை வைக்கிறாளே என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

சூரன் போர்

ஆறாம் நாள் சூரன் போர். அத்தான் மத்தியானமே கோயிலுக்குப் போய்விட்டார். அவரும் செல்வம் அண்ணையும் சூரனின் உருவத்தைத் தூக்கி ஆட்டும் கூட்டத்தில் இருந்தார்கள். பாலும் பழமும் தந்த பலம் எல்லாம் அதற்குத்தான் செலவாகும்.

நான் தறப்பாளை இழுத்துக் கடைசி முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்க, டிரைவ்வேயில் பின்பக்கமாக, வாகனங்களை இழுத்துப்போகும் டோ ட்ரக் ஒன்று ஏறி வந்தது. மஞ்சள் விளக்குச் சுழல்கிறது. இறங்கியவர் எங்கள் ஆள்தான், நாற்பது வயது இருக்கும். அக்கா வாசலில் வந்து நின்றாள். வேலைக்குப் போகவில்லை.

“இதுதான் அண்ணை. மெதுவாக் கொண்டுபோங்கோ. தம்பி, நீயும் கூடப் போ. யூனியன்வில்லுக்கு அங்காலை ஒரு பண்ணை, இடம் எடுத்து வச்சிருக்கிறன். நீயே உள்ளை விட்டுப் பூட்டிப்போட்டு வா. அத்தான்ரை சாமான், பழுதாகக்கூடாது.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. புரட்டாதியில் ‘பாப்பம்’ என்று கேட்டபோதே இடம் எடுத்திருக்கவேண்டும். ரோஸ் தண்ணீர் ஏறி முடியும்வரை ஐந்து நாள் பொறுத்திருந்து, அவ்வளவு பழமும் வெட்டியிருக்கிறாள். சந்தோஷத்தில் நான் கேள்வி ஒன்றும் கேட்காமல் ட்ரக்கில் ஏறினேன்.

கொஞ்சத் தூரம் போனதும் சாரதி அனுதாபமாகக் கேட்டார்: “கடன் கட்டேல்லையெண்டு பாங்க் எடுத்துப்போட்டுதோ அண்ணை?”

“இல்லை, இல்லை. குளிருக்கு வைக்கக் கொண்டுபோறம்.”

“ஓமோம்,” என்றார். “எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறவை.”

அந்த நேரம் பார்த்துப் பிரதான வீதியில் சிவப்பு விளக்கு விழுந்தது. ஒரு பக்கம் சேலைக்கடை, மறுபக்கம் மரக்கறிக்கடை, இரண்டு வாசலிலும் தெரிந்த முகங்கள். தறப்பாள் முழுக்க மூடியிருந்தாலும் அந்த ரெயிலரை அறியாதவர் அஜின்கோர்ட்டில் இல்லை. ஒரு அன்ரி உற்சாகமாகக் கையை அசைத்தவர், முன்னால் டோ ட்ரக்கைக் கண்டதும் கையைப் பாதியில் இறக்கி வாயைப் பொத்திக்கொண்டார். பக்கத்தில் நின்றவர் போனை உயர்த்திப் படம் எடுத்தார். நான் ஆசனத்தில் சறுக்கிக் கீழே குனிந்தேன். அப்படி ஒளிந்தது இன்னும் பிழையாகத் தெரிந்திருக்கும்.

சூரனுக்குத் தலை விழுமுன்பே செய்தி கோயிலுக்குள் போய்விட்டது என்று செல்வம் அண்ணை பிறகு சொன்னார். ஊருக்கெல்லாம் வீட்டுக்கடன் எடுத்துக்கொடுக்கிறவரின் படகை பாங்க் தூக்கிவிட்டது! அத்தான் சூரனை ஆட்டிக்கொண்டிருக்க, சுற்றி நின்றவர்கள் சூரனைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தார்களாம்.

அழைப்புகள்

நான் படகை விட்டுத் திரும்பிவந்தபோது அத்தானும் வந்து இறங்கினார். அவருடைய வாகனத்துக்குப் பக்கத்து இடத்தில், வீட்டு வாசற்படியோடு, அக்காவின் சின்னக் கார் நின்றது.

“எங்கை? என்ரை போட் எங்கை?”

“பத்திரமா இருக்கு,” என்றாள் அக்கா. “சித்திரையிலை போய் எடுங்கோ.”

“நீர் என்ன செய்து வச்சிருக்கிறீர் தெரியுமோ? கோயில் முழுக்க பாங்க் பாங்க் எண்டு கதைக்குது! நாளைக்கு என்னட்டை ஆர் கடனுக்கு வருவான்?”

கையில் போன் அடித்தது. ஒரு பழைய வாடிக்கையாளர். அத்தான் குரலை மலர்த்தி, “சேச்சே, அது சும்மா பாதுகாப்புக்கு அனுப்பினது,” என்றார். மறுமுனை அவரைத் தேற்றுவது எங்களுக்கே கேட்டது. எல்லாருக்கும் வாறதுதான் அண்ணை, வட்டி ஏறிப்போச்சு, மனதைத் தளரவிடாதையுங்கோ.

அடுத்த அழைப்புக்குப் படகைத் திருத்தக் கொடுத்ததாகச் சொன்னார். அதற்கும் ஆறுதல் வந்தது. அதற்கடுத்த ஆளுக்கு, டிரைவ்வேயில் இடம் போதவில்லை என்றார். “இவ்வளவு நாளும் போதுமாத்தானே இருந்தது?” என்று அந்த ஆள் கேட்டுவிட்டார். அத்தான் போனை வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தார். ஆறு நாள் விரதம் முதல் தடவையாக முகத்தில் தெரிந்தது.

“ரஞ்சி, நீராவது எடுத்துச் சொல்லுமன், உதை நீர்தான் அனுப்பினது எண்டு.”

“ஏன் அனுப்பினனீர் எண்டு கேட்டால் என்ன சொல்ல?” என்றாள் அக்கா. “நான் சொன்னால் உங்களை மூடிமறைக்கிறன் எண்டுதான் நினைப்பினம். நீங்களே சொல்லுங்கோ.”

மறுபடி போன். இந்த முறை செல்வம் அண்ணை. அவருக்குப் பொய் சொல்ல முடியாது. படகை இழுத்துவந்து விட்டவரே அவர்தான்; இடம் இருந்ததும் படகு பழுதில்லாததும் அவருக்குத் தெரியும். அத்தான் போனைக் காதில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நின்றார். சமையலறையில் அக்கா புகைபோக்கி விசிறியை நிறுத்தினாள்.

“பாங்க் இல்லை செல்வம். இவ போன வருசம் விழுந்தவவெல்லே...” என்று தொடங்கி நின்றார். மறுமுனை ஏதோ கேட்டது. “ஐஸ்தான். ஆனா... கார் அந்தத் தெருவிலை நிண்டது. இஞ்சை என்ரை போட் நிண்டபடியால். அதாலைதான் அவவின்ரை கை...”

குரல் இறங்கி இறங்கி, கடைசிச் சொல் எங்களுக்கே சரியாகக் கேட்கவில்லை.

அக்கா சமையலறை வாசலுக்கு வந்தாள். கண்கள் நிறைந்திருந்தன. குரல் மட்டும் சாதாரணமாக இருந்தது.

“கொஞ்சம் பலமாச் சொல்லுங்கோ,” என்றாள். “செல்வம் அண்ணைக்கு ஒரு காது கேக்கிறேல்லை.”